பிரேக் பிடிச்சா நிக்கணும்ல? திருப்பத்தூர்ல ஒரு டிஸ்க் பிரேக் சைக்கிள் உருவான கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதை வாசிப்பதற்கு ஏற்றபடி கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு சைக்கிள் பத்தி. இன்னும் சரியா சொல்லணும்னா சைக்கிளோட பிரேக் பத்தி. "ரோடு பைக்குக்கு எதுக்குங்க டிஸ்க் பிரேக்? அதுவும் மலையே இல்லாத ஊர்ல?" இந்தக் கேள்விய என்கிட்ட நிறைய பேர் கேட்டாச்சு. நானே என்னைப் பல தடவை கேட்டுக்கிட்டேன். கடைசியில ஃப்ரேம்ல இருந்து ஸ்போக்ஸ் வரைக்கும் ஒவ்வொண்ணா தேர்ந்தெடுத்து ஒரு சைக்கிளை உருவாக்கி, ஓட்டிப் பார்த்த பிறகுதான் எனக்குப் பதில் கிடைச்சுது. அந்தப் பதில் நான் எதிர்பார்த்ததா இல்ல. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். திருப்பத்தூர்னா "ஜோலார்பேட்டை பக்கமா?"ன்னு சென்னையில கேட்பாங்க. இல்லங்க. இது சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர். காரைக்குடிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24-ம் தேதி வெள்ளைக்காரன் தூக்கிலிட்ட ஊர். அவங்க நினைவிடம் ஊருக்குள்ளதான் இருக்கு. நான் சென்னையில வேலை பார்த்துட்டு, வீட்டிலிருந்தே வேலைன்னு ஆனப்ப இங்கே திரும்பி வந்தேன். காலையில அஞ்சரைக்குக் கிளம்பி, வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி தாண்டி காரைக்குடியில ஒரு காபி, திரும்ப வீடு. எட்டு மணிக்கெல்லாம் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்துடுவேன். இதுதான் வழக்கம்.

அந்த நவம்பர் காலை

ஒரு நவம்பர் மாசம். நம்ம பக்கம் மழைன்னா வடகிழக்குப் பருவமழைதான், ஐப்பசி கார்த்திகையில விடாம பெய்யும். பிள்ளையார்பட்டியில இருந்து திரும்பி வந்துட்டு இருக்கேன். தூறல். ரோட்டோரத்துல செம்மண் கரைஞ்சு தார் மேல ஓடுது. வேகம் முப்பதுக்கு மேல இருக்கும். அப்ப என்கிட்ட இருந்தது அலுமினிய ரிம், ரிம் பிரேக் வெச்ச சைக்கிள்.

சைடு ரோட்டுல இருந்து புல்லுக்கட்டோட ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். மெதுவா ஏறுது. ரெண்டு பிரேக்கையும் சேர்த்து இறுக்கிப் பிடிச்சேன். ஒண்ணுமே நடக்கல. நிஜமா ஒண்ணுமே. ஒரு நொடி கழிச்சுதான் பிரேக் பிடிக்க ஆரம்பிச்சுது. அதுக்குள்ள லேட். வண்டியோட பின்பக்கம் இடிச்சேன். நான் புல்லுக்கட்டு மேல விழுந்தேன், பெருசா அடி இல்ல. வண்டி ஓட்டின பெரியவருக்கு வலது மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு.

ஆஸ்பத்திரியில கட்டுப் போடற வரைக்கும் கூடவே இருந்தேன். அவர் என்னைத் திட்டவே இல்ல. அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. வெளியே வர்றப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "ஏன் தம்பி, பிரேக் பிடிச்சா நிக்கணும்ல?"

கறவை மாடு வெச்சிருக்கிறவர். ஒன்றரை மாசம் அந்தக் கையால பால் கறக்க முடியல. அந்தக் கேள்விதான் இந்த சைக்கிள் உருவானதுக்குக் காரணம்.

அந்த ஒரு நொடி எங்கே போச்சு?

ரிம் பிரேக் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். நம்ம அப்பா காலத்துப் பெரிய சைக்கிள்ல கம்பி பிரேக் இருக்கும். லீவரை அழுத்தினா கம்பி இழுத்து, பிரேக் கட்டை ரிம்மோட உள்பக்கத்துல உரசும். அப்புறம் கேபிள் வெச்ச காலிப்பர் பிரேக் வந்துச்சு. அதுல கட்டை ரிம்மோட ரெண்டு பக்கச் சுவரையும் கவ்வும். ரெண்டுலயும் அடிப்படை ஒண்ணுதான்: சக்கரத்தோட வெளி விளிம்பைப் பிடிச்சு நிறுத்துறது.

வெளி விளிம்பு எங்கே இருக்கு? ரோட்டுக்கு ரெண்டு இஞ்ச் மேல. தண்ணி, செம்மண், மாட்டுச்சாணி எல்லாம் முதல்ல படறது அங்கதான். ரிம் நனைஞ்சிருந்தா கட்டை முதல்ல அந்தத் தண்ணிய வழிச்சு எடுக்கணும். அதுக்குச் சக்கரம் சில சுத்து சுத்தணும். அதுக்கப்புறம்தான் உராய்வே ஆரம்பிக்கும்.

முப்பது கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல. அதாவது, பிரேக் பிடிக்கத் தொடங்கறதுக்கு முன்னாடியே ரெண்டு கார் நீளம் போயிடும். என்னோட அந்த ஒரு நொடி அங்கதான் போச்சு.

டிஸ்க் பிரேக்ல கவ்வுற இடம் மாறுது. சக்கரத்து நடுவுல, ஹப்புல ஒரு எஃகுத் தட்டு. அதுக்கு ரோட்டர்னு பேர். ரோடு பைக்குல பொதுவா 140 அல்லது 160 மி.மீ. விட்டம். ரோட்டுல இருந்து ஒரு அடி உயரத்துல இருக்கறதால தண்ணியும் சேறும் அங்கே குறைவாத்தான் போகும். தட்டுல ஓட்டைகள் இருக்கும், பேடுக்கும் தட்டுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. அதனால தண்ணி சீக்கிரமே வழிஞ்சுடும்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்ல. காருக்கான டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்துல லான்செஸ்டர் காப்புரிமை வாங்கினது 1902-ல. 1953-ல லெ மான் 24 மணி நேர ரேஸை ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோட ஜெயிச்ச பிறகு உலகமே திரும்பிப் பார்த்துச்சு. மலை சைக்கிள்களுக்கு 1990-கள்ல வந்துச்சு. ரோடு ரேஸ் சைக்கிளுக்குத்தான் ரொம்ப லேட். சர்வதேச சைக்கிள் ஒன்றியம் 2015-ல சோதனைக்கு அனுமதிச்சது. 2016 ஏப்ரல்ல பாரிஸ்–ரூபே போட்டியில ஓட்டின ஒரு வீரர், ரோட்டர் தன் காலைக் கிழிச்சதா சொன்னார், உடனே நிறுத்தி வெச்சாங்க. அடுத்த வருஷம் திரும்ப அனுமதி. 2017 டூர் டி ஃபிரான்ஸ்ல மார்செல் கிட்டல் டிஸ்க் பிரேக் சைக்கிள்ல ஒரு ஸ்டேஜை ஜெயிச்சார், டூர்ல அதுதான் முதல் தடவை. 2018 ஜூலையில முழு அனுமதி கிடைச்சுது.

பழைய சைக்கிள்லயே மாட்டிக்கலாமா?

இதான் நான் முதல்ல கேட்டது. நம்ம ஊர் சைக்கிள் கடை அண்ணன்கிட்டதான் கேட்டேன். முப்பது வருஷமா கடை வெச்சிருக்கார். ஒரு காலத்துல வாடகை சைக்கிள், இப்ப பஞ்சரும் ரிப்பேரும். அவர் என் பழைய ஃபோர்க்கைக் கையில பிடிச்சுப் பார்த்துட்டு, "இது தாங்காது தம்பி"ன்னார். ஏன்னு அவரால சொல்ல முடியல. நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நான், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 85 கிலோ. நல்லா அழுத்தி பிரேக் பிடிச்சா, டயர் ரோட்டுல சுமார் 43 கிலோ எடைக்குச் சமமான விசையோட பின்னாடி இழுக்குது. ரிம் பிரேக்ல கட்டை கிட்டத்தட்ட டயர் பக்கத்துலயே பிடிக்கறதால, அங்கேயும் ஏறக்குறைய அதே விசைதான். டிஸ்க்ல பேட் பிடிக்கிற இடம் சக்கரத்து நடுவுக்குக் கிட்ட. டயரோட ஆரத்துல நாலரைல ஒரு பங்குதான் ரோட்டரோட ஆரம். அதனால அங்கே நாலரை மடங்கு விசை வேணும். சுமார் 190 கிலோ. இரண்டரை மூட்டை அரிசி! அந்தப் பாரம் முழுக்க ஃபோர்க்கோட இடது கால்ல, அதுவும் கீழ் நுனியில விழுது.

ரிம் பிரேக் ஃபோர்க்ல பிரேக் மாட்டுறது மேலே, தலைப் பக்கம். கால் கீழே போகப் போக மெலிஞ்சுக்கிட்டே போகும். அங்கே டிஸ்க் காலிப்பரை வெல்டு பண்ணி மாட்டினா வளையும், இல்ல ஒடியும். அண்ணன் கை சொன்னது சரி.

அதோட முடியல. அடுத்தது ஆக்ஸில். காலிப்பர் ஃபோர்க்குக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கு. பிரேக் பிடிக்கறப்ப அது ரோட்டரைப் பிடிச்சு, ஆக்ஸிலைக் கீழ்ப்பக்கமா தள்ளப் பார்க்கும். பழைய ஃபோர்க்ல ஆக்ஸில் உட்கார்ற பள்ளமும் கீழ்ப்பக்கம்தான் திறந்திருக்கும். சக்கரத்தைக் கழட்டி மாட்ட வசதியா இருக்கும். ஆனா குவிக் ரிலீஸ் கொஞ்சம் லூசா இருந்தாக்கூட சக்கரம் வெளியே வர வாய்ப்பு இருக்கு. இதுக்காகத்தான் இப்ப த்ரூ ஆக்ஸில். ஃபோர்க்ல ஒரு மூடின ஓட்டை, அதுக்குள்ள 12 மி.மீ. தடிமன்ல ஒரு தண்டு நுழைஞ்சு மறுபக்கம் மரை பிடிக்கும். எவ்வளவு தள்ளினாலும் வெளியே போக வழி இல்ல.

மூணாவது, ஸ்போக்ஸ். ரிம் பிரேக்ல, பிடிக்கிற இடமும் ரோட்டைத் தொடுற இடமும் சக்கரத்தோட விளிம்புலயே இருக்கு. முன் சக்கரத்து ஸ்போக்ஸுக்கு அதுல பெரிய வேலை இல்ல. அதனால சில ரேஸ் சக்கரங்கள்ல ஸ்போக்ஸை நடுவுல இருந்து நேரா, சூரியக் கதிர் மாதிரி போட்டிருப்பாங்க. டிஸ்க்ல ஹப்பைத்தான் நிறுத்துறோம். ஹப் நின்னது ரிம்முக்குத் தெரியணும்னா ஸ்போக்ஸ் வழியாத்தான் சேதி போகணும். நேரா போட்ட ஸ்போக்ஸ் அந்த முறுக்கைத் தாங்காது. ஒண்ணுக்கொண்ணு குறுக்கா போட்டுத்தான் ஆகணும்.

ஆக, பிரேக்கை மாத்துறது ஒரு சாமானை மாத்துற வேலை இல்ல. விசை போற பாதையே மாறிடுது. அந்தப் பாதையில இருக்கற எல்லாமே அதுக்கேத்த மாதிரி இருக்கணும். கடையில ரெடிமேடா டிஸ்க் பிரேக் ரோடு பைக் தாராளமா கிடைக்குது. எனக்குக் காலு நீளம், உடம்பு குட்டை. எந்த சைஸும் சரியா பொருந்தல. அதான் கஸ்டம்.

சாமான் தேர்வு: ஊருக்கு ஏத்த சைக்கிள்

ஃப்ரேமும் ஃபோர்க்கும் குரோம்-மாலிப்டினம் எஃகு. வெளியூர்ல ஒரு சின்னப் பட்டறையில என் அளவுக்கு வெல்டு பண்ணி வாங்கினேன். ஃபோர்க்கோட இடது கால் வலதை விடத் தடிமன். மட்கார்டு மாட்ட இடம் கேட்டு வாங்கினேன். எஃகு கொஞ்சம் வெயிட்டுதான். ஆனா உடைஞ்சா எந்த ஊர்லயும் ஒரு வெல்டர் இருப்பார்.

எஃகுக் குழாய், சைக்கிள்னு பேச ஆரம்பிச்சா நம்ம பக்கத்துக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. அம்பத்தூர்ல 1949-ல ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ.ன்னு நம்மல்ல பாதிப் பேர் ஓட்டிக் கத்துக்கிட்ட சைக்கிள்களைப் பண்ண கம்பெனி, முருகப்பா குழுமத்தோடது. அந்தக் குடும்பத்துக்குச் சொந்த ஊர் காரைக்குடி பக்கத்துல பள்ளத்தூர். அதே குழுமம் ஆவடியில 1955-ல குழாய் தயாரிக்கவும் தனி ஆலை ஆரம்பிச்சுது.

டயர் 32 மி.மீ. இது டிஸ்க் பிரேக் தர்ற இன்னொரு சலுகை. சாதாரண ரோடு பைக் ரிம் பிரேக் காலிப்பர், டயரைச் சுத்தி வளைஞ்சு வரணும். 28 மி.மீ. தாண்டினாலே பல காலிப்பர்ல இடிக்கும். டிஸ்க்ல அந்தக் கட்டுப்பாடு இல்ல. அகலமான டயர், கம்மியான காத்து. நம்ம ரோட்டுல இதுக்கு அர்த்தமே வேற.

அடுத்து பெரிய முடிவு. ஹைட்ராலிக்கா, கேபிளா?

ஹைட்ராலிக்ல லீவருக்கும் காலிப்பருக்கும் நடுவுல எண்ணெய். விரல் நுனியில பிடிக்கும். பேட் தேயத் தேயத் தானே சரிபண்ணிக்கும். எல்லா விதத்துலயும் நல்லது. ஆனா குழாய்ல காத்துப் புகுந்தா லீவர் தொளதொளன்னு ஆயிடும். அதை எடுக்கத் தனிக் கருவி வேணும். அந்தந்தக் கம்பெனி சொல்ற எண்ணெயத்தான் விடணும். சிலதுக்கு மினரல் ஆயில், சிலதுக்கு டாட் ஃப்ளூயிட். மாத்தி விட்டா உள்ளே இருக்கற ரப்பர் சீல் வீணாயிடும்.

நான் இருக்கறது திருப்பத்தூர்ல. ராத்திரி எட்டு மணிக்கு சிங்கம்புணரி ரோட்டுல பிரேக் போச்சுன்னா யார்கிட்ட போறது? கேபிள்னா அண்ணன் கடையிலயே கிடைக்கும். அதனால கேபிள்ல இயங்குற டிஸ்க் காலிப்பர் வாங்கினேன். அதுலயும் ரெண்டு வகை. மலிவானதுல ஒரு பக்கப் பேட் மட்டும்தான் நகரும். அது தட்டை வளைச்சு, அந்தப் பக்கம் சும்மா நிக்கற பேட் மேல கொண்டுபோய் அழுத்தும். நான் ரெண்டு பேடும் நகர்ற வகையை எடுத்தேன். ரோட்டர் முன்னாடியும் பின்னாடியும் 160 மி.மீ.

மொத்தச் செலவு, ஒரு நல்ல 125 சிசி பைக் வாங்குற அளவு. அம்மாகிட்ட இன்னும் பாதி விலைதான் சொல்லியிருக்கேன்.

ஃபிட்டிங்: பெண்டு எடுக்கறதுன்னா என்ன?

சக்கரத்தை அண்ணன் கடையில உட்கார்ந்துதான் கோர்த்தேன். 32 ஸ்போக்ஸ், ஒவ்வொண்ணும் மூணு ஸ்போக்ஸைக் குறுக்கே தாண்டிப் போற மாதிரி. அவருக்கு டிஸ்க் புதுசு, சக்கரம் புதுசில்ல. "பெண்டு நிமித்திடுவேன்"னு நாம கோவத்துல சொல்றோமே, அது இந்தக் கடைகள்ல இருந்து வந்த வார்த்தைதான். கோணின ரிம்மை ஸ்போக்ஸ் முடுக்கி நேராக்குறது பெண்டு எடுக்கறது. அவர் ஸ்போக்ஸை விரலால தட்டி, சத்தத்தை வெச்சே எது லூசுன்னு சொல்லிடுவார்.

ஒரு இடத்துல அவருக்கே சந்தேகம் வந்துச்சு. முன் சக்கரத்துல இடது பக்க ஸ்போக்ஸ் எல்லாம் ஒரு சத்தம், வலது பக்கம் வேற சத்தம். "தப்பா இருக்கே"ன்னார். தப்பில்ல. இடது பக்கம் ரோட்டருக்கு இடம் விடறதுக்காக ஹப்போட விளிம்பு உள்ளே தள்ளி இருக்கு. ரிம் ஃபோர்க்குக்கு நடுவுல நிக்கணும்னா அந்தப் பக்க ஸ்போக்ஸ் கூடுதல் இறுக்கமாத்தான் இருக்கும். வழக்கமா பின் சக்கரத்துல பல்சக்கரப் பக்கம் பார்க்கறதுதான், இங்கே முன் சக்கரத்துக்கும் வந்துடுச்சு. அதைச் சொன்னதும் டக்குன்னு புரிஞ்சுக்கிட்டார்.

காலிப்பரைப் பொருத்தறதுக்கு ஒரு எளிய முறை இருக்கு. ரெண்டு போல்ட்டையும் லேசா தளர்த்தி, லீவரை இறுக்கிப் பிடிச்சு வெச்சுக்கிட்டே போல்ட்டை முடுக்கணும். காலிப்பர் தானே தட்டுக்கு நேரா வந்து உட்காரும். அப்புறம் பின்னாடி ஒரு வெள்ளைப் பேப்பர் பிடிச்சு, ரெண்டு பக்கமும் கீத்து மாதிரி வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. ஒரு பக்கம் இருட்டா இருந்தா உரசுதுன்னு அர்த்தம்.

முதல் தடவை லீவர் பிடிச்சா ஹேண்டில்பார் வரைக்கும் வந்துடுச்சு. காலிப்பர் சரி, கேபிள் சரி. அப்ப என்ன? அவுட்டர். சாதாரண பிரேக் அவுட்டர் உள்ளே ஸ்பிரிங் மாதிரி சுருள் கம்பி. இழுக்கறப்ப அது கொஞ்சம் அமுங்கும். ரிம் பிரேக்ல அது பெருசா தெரியாது. டிஸ்க்ல பேட் நகர்ற தூரமே ரொம்பக் கம்மி. நம்ம கை இழுப்புல பாதி சுருள் அமுங்கறதுலயே போயிடும். அமுங்காத அவுட்டர்னு பிரேக்குக்குன்னே தனியா விக்குது. மாத்தினதும் லீவர் கல்லு மாதிரி ஆச்சு. ஒரு எச்சரிக்கை: கியர் அவுட்டரும் அமுங்காது, அதைப் போட்டுக்கலாம்னு தோணும். போடாதீங்க. பிரேக்கோட இழுப்புல அது பிளந்துடும்.

முதல் ஓட்டம்: இருபது தடவை நிக்காம நில்லு

புது டிஸ்க் பிரேக் முதல் நாள் பிடிக்காது. பயப்படாதீங்க. பேடுல இருக்கற பொருள் மெல்லிசா, சமமா ரோட்டர் மேல ஒரு படலமா ஒட்டணும். ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு பார்த்து, இருபத்தஞ்சு கிலோமீட்டர் வேகம் எடுத்து, நடக்கற வேகம் வரைக்கும் குறைக்கணும். முழுசா நிறுத்தக் கூடாது, நின்னா அந்த இடத்துல மட்டும் படலம் தடிச்சுப்போகும். முன் பிரேக் ஒரு இருபது தடவை, பின் பிரேக் ஒரு இருபது தடவை. எட்டாவது தடவைக்கு மேல பிடிமானம் ஏறுறது கையில தெரிஞ்சுது.

சாயங்காலம் செயினை மட்டும் கொஞ்சம் பாருங்கன்னு அண்ணன் கடையில சைக்கிளை விட்டேன். மறுநாள் காலையில கிளம்பினேன். வைரவன்பட்டிக்கு முன்னாடி ஒரு நாய் குறுக்கே வந்துச்சு. முன் பிரேக் பிடிச்சேன். வழுக்கிக்கிட்டே போகுது! பின் பிரேக்தான் காப்பாத்துச்சு. நாயும் தப்பிச்சுது.

கை நடுங்க ஓரமா நின்னு ரோட்டரைத் தொட்டுப் பார்த்தா, எண்ணெய்ப் பிசுக்கு. திரும்பிப் போய்க் கேட்டேன். அண்ணன் சாதாரணமா சொன்னார்: "அந்தத் தட்டு லேசா கீச்சுன்னு சத்தம் போட்டுச்சு தம்பி. ரெண்டு சொட்டு ஆயில் விட்டேன்."

அவர் மேல தப்பு சொல்ல முடியாது. முப்பது வருஷமா சத்தம் வந்தா எண்ணெய் விட்டுத்தான் சைக்கிளைப் பார்த்துக்கிட்டார். நான்தான் சொல்லியிருக்கணும். ரிம் பிரேக்ல எண்ணெய் பட்டா துடைச்சா போச்சு. டிஸ்க் பேடு எண்ணெயை உறிஞ்சிக்கும். பேடைத் தூக்கிப் போட்டுட்டு, ரோட்டரை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊத்தித் துடைச்சு, புதுப் பேடு மாட்டி, மறுபடியும் நாப்பது தடவை. இப்ப கடையில சாக்பீஸ்ல எழுதிப் போட்டிருக்கார்: "தட்டு பிரேக் – ஆயில் விடாதே."

எனக்கும் ஒரு பாடம். அன்னைக்கு வாசல்ல ஏறுறதுக்கு முன்னாடி முன் பிரேக்கைப் பிடிச்சு, சைக்கிளை முன்னாடி தள்ளிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பின் சக்கரம் தூக்கணும். தூக்கலைன்னா கிளம்பக் கூடாது. மூணு நொடி வேலை. இப்ப தினமும் பண்றேன்.

தண்ணியும் மலையும்

அடுத்த வாரம் கொள்ளுக்குடிப்பட்டி பக்கம் போற ஒரு காலி ரோட்டுல சோதனை. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கற இடம். பறவைகள் பயந்துடும்னு தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரங்க அவங்க. நானும் பிரேக் கிரீச்சிடாம பார்த்துக்கிட்டேன்! ரோட்டுல சாக்பீஸ் கோடு போட்டு, அதே வேகத்துல வந்து, கோட்டுல பிரேக் பிடிக்கறது. பழைய சைக்கிள், புது சைக்கிள் ரெண்டும்.

காய்ஞ்ச நிலையில ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல நின்னுச்சு. உண்மையைச் சொன்னா எனக்கு ஏமாற்றமா இருந்துச்சு. இவ்வளவு செலவு பண்ணது இதுக்கா? ஆனா யோசிச்சா அது அப்படித்தான் இருக்கணும். நல்ல ரிம் பிரேக்கே சைக்கிளைக் கவுத்துவிடற அளவுக்குப் பிடிக்கும். அதுக்கு மேல பிடிச்சா பின் சக்கரம் தூக்கி நாம முன்னாடி விழ வேண்டியதுதான். அந்த எல்லையை டிஸ்க் மாத்தாது.

அப்புறம் பாட்டில் தண்ணிய சக்கரத்து மேல ஊத்திட்டு ஓட்டினேன். பழைய சைக்கிள் முதல்ல நின்ன இடத்தைத் தாண்டி நீளமா போயிடுச்சு. புதுசு முன்னாடி நின்ன இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் நின்னுச்சு. டிஸ்க் பிரேக் அதிகமா பிடிக்குதுன்னு நினைச்சிருந்தேன். அது எல்லா நாளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பிடிக்குது. அவ்வளவுதான் அதோட பலம். நவம்பர் மாசத்துல அது பெரிய பலம்.

சூடு எப்படின்னு பார்க்க ஒரு ஞாயித்துக்கிழமை நண்பனோட கார்ல சைக்கிளைப் போட்டுக்கிட்டு நத்தம் வழியா சிறுமலைக்குப் போனோம். பிரேக்னா வேகத்தைச் சூடா மாத்துற கருவிதான். 40 கிலோமீட்டர் வேகத்துல இருந்து ஒரு தடவை நின்னா, அந்தச் சூடு முழுக்க ஒரே ரோட்டருக்குப் போனா அது கிட்டத்தட்ட 100 டிகிரி ஏறும், நூறு கிராம் சொச்சம் எஃகுதானே. 500 மீட்டர் உயரம் இறங்கினா அது மாதிரி எண்பது மடங்கு சக்தி. காத்துத் தடை ஒரு பங்கை எடுத்துக்கும், மிச்சம் பிரேக்குக்கு. அதனால கொண்டை ஊசி வளைவுல லேசா பிடிச்சுக்கிட்டே இறங்கக் கூடாது. வளைவுக்கு முன்னாடி அழுத்தமா பிடிச்சு, விட்டுடணும். விட்ட நேரத்துல தட்டு காத்துல ஆறிடும். ரிம் பிரேக்ல அந்தச் சூடு ரிம்முக்கும், அதுல இருந்து டயருக்கும் ட்யூபுக்கும் போகும். இங்கே தட்டோட நின்னுடுது. கீழே வந்து ரோட்டர்ல ஒரு சொட்டுத் தண்ணி விட்டேன், சுர்ருன்னு ஆவியாச்சு. தொட்டுடாதீங்க.

அப்ப நீங்க வாங்கணுமா?

தினம் ஆபீஸ் போக, வெயில் நாள்ல பீச் ரோட்டுல ஓட்டன்னா நல்ல ரிம் பிரேக் போதும். வெயிட் கம்மி, விலை கம்மி, எந்தக் கடையிலயும் சரிபண்ணலாம். மழையில ஓட்டுவீங்க, அகல டயர் வேணும், மலை இறங்குவீங்கன்னா டிஸ்க். ஊர்ல ஹைட்ராலிக் தெரிஞ்ச கடை இருந்தா ஹைட்ராலிக், இல்லைன்னா கேபிள். பழைய ஃபோர்க்ல மட்டும் வெல்டு பண்ணி மாட்டாதீங்க.

போன மாசம் வைரவன்பட்டி தாண்டி அந்தப் பெரியவரைப் பார்த்தேன். புல்லுக்கட்டோட வண்டியை ஓரமா நிறுத்தியிருந்தார். கை நல்லாயிருக்கு, மழை வந்தா மட்டும் வலிக்குதாம். சைக்கிளைக் காட்டி எல்லாத்தையும் விளக்கினேன். தட்டு, பேடு, 190 கிலோ எல்லாம். பொறுமையா கேட்டுட்டு, "சரி தம்பி, அன்னைக்கு என்ன வேகத்துல வந்தே?"ன்னார்.

முப்பதுக்கு மேலன்னு சொன்னேன்.

"மழையிலயா?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். சைக்கிளை நிறுத்தறது ரோட்டை ஒட்டியிருக்கற கட்டைவிரல் அளவு டயர். ஈர ரோட்டுல அதோட பிடிமானம் எந்த பிரேக் போட்டாலும் குறைவுதான். அன்னைக்கு என்கிட்ட இந்த சைக்கிளே இருந்திருந்தாலும் அந்த வேகத்துக்கு நான் அவரை இடிச்சிருக்க மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாது. இப்ப மழைன்னா இருபதுலதான் போறேன். காரைக்குடி காபிக்கு இருபது நிமிஷம் லேட்டாகுது, பரவாயில்ல.

உங்க சைக்கிள் பிரேக்கை இன்னைக்கு ஒரு தடவை பிடிச்சுத் தள்ளிப் பாருங்க. என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.